காயட்டும் என்று சொன்ன பால்பாண்டி அண்ணன்

அன்று காலை பட்டறையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். கைபேசி அடித்தது. பால்பாண்டி அண்ணனின் எண். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்றைக்குத் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிற சாமான் இன்னும் காயவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, இன்னைக்கும் காயலன்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்த அலங்காநல்லூர்க்காரரு என்னைய வஞ்சு எடுக்குறாரு" என்றேன். எதிர்முனையில் இருந்தது அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி. "மல்லிகா, உங்கண்ணன் எந்திரிக்க மாட்டேங்குறாரு. வந்து என்னான்னு பாரு தாயி" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் அது போகவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் நானும் அவரும் கூட்டாக மரச்சாமான் பட்டறை நடத்தினோம். அதற்கு முன் இருவருமே ஒரு பர்னிச்சர் கம்பெனியில் பூச்சு வேலை பார்த்தவர்கள். கம்பெனியை இழுத்து மூடியதும், வேறு வழி தெரியாமல் சேர்ந்து ஆரம்பித்தோம். அறுக்க, இழைக்க, சேர்க்க ஆசாரிகள் உண்டு. பூச்சு முழுக்க அவர் கையில். ஆர்டர் பிடிப்பது, தேதி சொல்வது, தேதி தவறினால் வசவு வாங்குவது மூன்றும் என் பங்கு. எங்களுக்குள் சொந்தம் கிடையாது. அண்ணே அண்ணே என்று கூப்பிட்டே அண்ணன் ஆனவர்.

கருமாதி முடிந்து, சொந்தக்காரர்களும் ஊராருமான நீங்கள் படத்திறப்பு வைத்தீர்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தீர்கள். பேனரில்கூட அதைத்தான் போட்டிருந்தது. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். அதனால் மாட்டேன் என்றேன். அப்போது பின்வரிசையில் சிலர் பேசியதும் என் காதில் விழுந்தது. கட்டிய மனைவி கருமாதிக்கு இல்லை, அந்தப் பட்டறைக்காரப் பொம்பளைதான் வீட்டைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று. ஆமாம், கூட்டிக்கொண்டுதான் போனேன். ஏன் போனேன் என்பதற்கும் சேர்த்துத்தான் இந்த எழுத்து.

அவருக்குத் தெரிந்த ஒரே பூச்சு பாயில்டு லின்சீட் ஆயில். ஆளிவிதை எண்ணெய். ஊரே பளபளவென்று மெலமைன் பாலிஷ் அடித்துக்கொண்டிருக்க, காலையில் அடித்து மாலையில் லாரி ஏற்றிக்கொண்டிருக்க, இவர் மட்டும் தகரடின்னில் எண்ணெயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் கலந்து இளக்கிக்கொள்வார். மரம் குடிக்கிற மட்டும் குடிக்க விடுவார். பிறகு கந்தலை எடுத்து, பூசியதை எல்லாம் துடைத்து எடுப்பார். "பூசுறது எவன் வேணாலும் பூசுவான். துடைக்கிறதுதேன் வேலை" என்பார். மேலே தேங்கி நின்றால் அது காயாது, பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் என்னிடம் வந்து, "என்னம்மா, பூசுன எண்ணெயைப் பூராம் உங்காளு வழிச்சு எடுக்குறாரு, இம்புட்டுக் கஞ்சத்தனமா" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. அவர் பாட்டுக்கு அடுத்த பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

துடைத்த பிறகு காய வேண்டும். வெயில் காலத்தில் சீக்கிரம். ஐப்பசி அடைமழையில் காய்கிறேனா பார் என்று நிற்கும். ஒன்று காய்ந்தால்தான் அடுத்தது. புறங்கையை வைத்துப் பார்ப்பார், மூக்கை வைத்து மோந்து பார்ப்பார், "காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிய மனிதர். மகன் பெண் பார்க்கச் சொன்னபோதும் காயட்டும், வீட்டு ஓட்டில் ஒழுகியபோதும் காயட்டும். மாடிப்படி ஏறினால் தனக்கு மூச்சு வாங்குகிறது என்று மதினி பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தபோதும் அதே பதில்தான். "வெயிலுக்கு அப்படித்தேன் இருக்கும். மழை பெய்யட்டும், பார்ப்போம்." மழையும் பெய்தது.

அவர் பொறுமையால் எனக்கு நடந்த மரியாதைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எழுமலைப் பக்கத்திலிருந்து ஒரு வீட்டார் மகளுக்குச் சீர் கொடுக்கத் தேக்குக் கட்டில் சொல்லியிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெண்ணின் அப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அண்ணன் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டு தர மாட்டேன் என்றார். தலைமாட்டுப் பலகை இன்னும் பிசுபிசுக்கிறதாம். நான் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கும்பிட்டேன். பெண்ணின் அப்பா என்னிடம், "ஏம்மா, கட்டிலு இல்லாம சீரை வச்சா சம்பந்தகாரவுக என்னைய என்னன்னு நெனப்பாக" என்று கண் கலங்கினார். கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். கட்டில் போகலாம். ஆனால் கூடவே அவரும் வருவார்.

மண்டபத்தில் பித்தளைப் பாத்திரங்கள், பீரோ, மிக்ஸி எல்லாம் பரப்பி வைத்திருந்த இடத்தில், கட்டிலின் தலைமாட்டில் இந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காவல் நின்றார். யார் பக்கத்தில் வந்தாலும் "தொடாதீக" என்றார். மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண் வீட்டுக் கோபக்காரச் சொந்தம் என்று நினைத்து, என்ன குறை என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் மாப்பிள்ளையின் பெரியப்பா களைப்பாக வந்து கட்டிலில் சாய்ந்துவிட்டார். பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும். எழுந்தபோது முதுகில் பழுப்பாக ஒரு பட்டை. அன்று எனக்கு வந்த போன்களை எண்ணி முடியாது. மறுநாள் அண்ணன் பட்டறைக்கு வந்து, "நான்தேன் காயலன்னு சொன்னேன்ல" என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

சும்மா சொல்லக் கூடாது, காத்திருந்ததற்குப் பலனும் இருந்தது. அதே கட்டிலை ஒரு முறை போய்ப் பார்த்தேன். தேன் நிறம் ஏறி, தொட்டால் வழவழவென்று, ரேகை ரேகையாகத் தேக்கு தெரிந்தது. ஆறின பாலின் மேல் படியும் ஏடு மாதிரி ஒரு மினுக்கம். அந்தப் பெண் என்னிடம், "அத்தை, இதுல மட்டும் கீறல் விழுந்தாத் தெரிய மாட்டேங்குது" என்றாள். நான் அதை வந்து சொன்னபோது அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு நான் மெலமைனுக்கு மாறலாம் என்று ஆரம்பித்தேன். சிரிப்பு போய்விட்டது.

அலங்காநல்லூர் வீட்டுக் கதவு இன்னொரு தலைவலி. புது வீட்டு நிலைக்கதவு. பூசி முடித்து மாட்டிவிட்டு வந்தோம். பளபளப்பு இல்லாமல் மரம் மரமாகவே இருக்கிறதே என்று அந்த வீட்டு மாமியாருக்கு மனக்குறை. எண்ணெய் பூசிய கதவுதானே, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டால் மினுங்கும் என்று, கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் விளக்குக்கு வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெயைத் துணியில் நனைத்துக் கதவு முழுக்கத் தேய்த்திருக்கிறார். விடிந்ததும் அதன்மேல் சந்தனம், குங்குமம், மஞ்சள். நல்லெண்ணெய் எந்தக் காலத்தில் காய்ந்தது. வாசல் பெருக்கிய புழுதி எல்லாம் அதில் அப்பி, குங்குமம் வழிந்து, கதவைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் டர்பன்டைன் டின்னைப் பைக்கில் கட்டிக்கொண்டு போனார். நானும் போனேன், சண்டைக்குத் தயாராக. அவரோ நாள் முழுக்க உட்கார்ந்து கதவைத் துடைத்தார். அந்த மாமியார் சங்கடத்துடன் மோர் கொண்டு வந்து வைத்து, "எண்ணெய்தானன்னு தேச்சுப்புட்டேன் தம்பி" என்றார். "நாங்க சொல்லாம விட்டதுதேன் தப்பு ஆத்தா. எண்ணெய்னு சொன்னா வீட்டுல இருக்க எண்ணெயைத்தான் ஊத்துவாக" என்றார் அண்ணன். வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் காட்டிய அந்தப் பொறுமையைத் தன் சொந்த விஷயத்திலும் அவர் காட்டினார். அதுதான் கெடுதல்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பொறுத்ததே இல்லை. துடைத்த கந்தல். பக்கத்துத் தறிக்கூடத்தில் கழிவு நூலைக் குப்பையாகக் கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் துடைப்போம். எண்ணெய் குடித்த நூலைப் பந்தாகச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், அது காயும்போது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். யாரும் தீ வைக்க வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் விரித்துக் கொடியில் தனித்தனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் டிரம்மில் முக்க வேண்டும். இதற்காக அவர் ஆசாரிகளிடம் கத்துகிற கத்தலைக் கேட்டால், காயட்டும் என்று முனகுகிற அதே ஆள்தானா என்று தோன்றும்.

ஒரு நாள் புதிதாக வந்த ஆசாரி ஒருவர், சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாக் கந்தலையும் ஒரு அட்டைப்பெட்டியில் அமுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பெட்டிக்குள் கையை விட்டவர் சுரீரென்று இழுத்துக்கொண்டார். மேலே புகைகூட வரவில்லை. அப்படியே பெட்டியோடு தூக்கி வாசலில் போட்டுத் தண்ணீரைக் கொட்டியபோது உள்ளே கருகியிருந்தது தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம், பஞ்சும் நூலுமாக. உள்ளே இருபது பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது தெரியவே தெரியாது. உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணன் சொன்னார்: "வெளிய பார்த்தா ஒன்னும் தெரியாது மல்லிகா. கையை உள்ள விட்டுப் பார்க்கணும்."

இதைச் சொன்ன மனிதர்தான்.

கடைசி நாளுக்கு வருகிறேன். அலங்காநல்லூரிலிருந்தே வேறொருவர் சொன்ன சாப்பாட்டு மேசைக்குக் கடைசிப் பூச்சு பூசியிருந்தார். சாயங்காலம். நான் பில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், மனிதர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. "என்னண்ணே செய்யுது" என்றேன். "வாய்வு. மத்தியானம் உருளைக்கிழங்கு தின்னேன்ல" என்றார். இடது கையை உதறிக்கொண்டார். "எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆட்டோவைக் கூப்புடுறேன்" என்றேன்.

"செத்த பொறு. எண்ணெய் பூசியாச்சு. இப்பத் துடைக்காட்டி அம்புட்டும் பிசினாப் போயிரும்."

"நான் துடைக்கிறேன். நீங்க கெளம்புங்க."

"உனக்கு ஓரம் துடைக்க வராது."

பூச்சு வேலையில் அவரோடு சேர்ந்தே சம்பளம் வாங்கியவள் நான். எனக்கு ஓரம் துடைக்க வராதாம். கோபத்தில் மறுபடியும் சொன்னேன், அதட்டியும் சொன்னேன். மதினிக்குப் போன் போடுவேன் என்று மிரட்டினேன். "அவளே மூச்சு வாங்கிக்கிட்டு கெடக்கா, அவளை ஏன் பயமுறுத்துற. காலையில பார்ப்போம்" என்றார். இஞ்சி சோடா வாங்கிவரச் சொல்லிக் குடித்தார். ஏப்பம் வந்தது. "பார்த்தியா, வாய்வுதேன்" என்று எழுந்து துடைக்கப் போய்விட்டார். முடித்துவிட்டு, கந்தலை ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துப் போட்டார். "வாரேன்த்தா" என்று சொல்லிவிட்டு அவரே பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்த மனிதரை ஓர் அங்குலம் நகர்த்தியவர் உங்களில் யாராவது உண்டா. கட்டிலுக்குக் குறுக்கே நின்றபோது வேன் நிறைய ஆண்கள் வந்து ஆகாதது, நான் ஒருத்தி என்ன செய்வேன். இப்படித்தான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உடலை எடுத்துவிட்ட பிறகு பட்டறைக்குப் போய் அந்த மேசையின் ஓரங்களைக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுத் தேங்கவில்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவரை வாய்க்கு வந்தபடி வைதேன்.

இனி மதினி கதை. பால் தெளித்து முடித்த பிறகும் நான் தினமும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதினி மூலையில் பாயில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவார்கள். ஒரு நாள் பார்த்தேன், இரண்டு காலும் வீங்கி, கொலுசு சதையில் பதிந்திருந்தது. "படுங்க மதினி, செத்த நேரம்" என்றேன். "படுத்தா மூச்சு முட்டுது தாயி. உக்காந்தேதான் கண்ணை மூடுறேன்" என்றார். எத்தனை நாளாக என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள், துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று எழுந்தேன். அண்ணனின் பெரியப்பா மகன் வாசலில் வந்து நின்றார். "பதினாறு முடியாம தாலி அறுத்தவளை வெளிய அனுப்ப மாட்டோம்மா. நாலு பேரு என்ன சொல்லுவாய்ங்க. கருமாதி முடியட்டும், நாங்களே கூட்டிக்கிட்டுப் போறோம். பொறுத்தது பொறுத்தாச்சு" என்றார். தணிவாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அந்தத் தணிவுதான் எனக்குத் தலைக்கேறியது. அப்படியே அண்ணன் பேசுகிற மாதிரி இருந்தது.

அன்று நான் பேசியது எதுவும் எழுதத் தக்கது இல்லை. ஒரு சாவு போதாதா என்று கேட்டதும், வழியை விடுங்கள் என்று அவர் மார்பில் கை வைத்துத் தள்ளியதும் நினைவிருக்கிறது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மதினி, "வேணாம் மல்லிகா, சாங்கியம் இருக்கு" என்று என் கையை விலக்கினார். கேட்கவில்லை. இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். அவர் மகன், அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவன், வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டான். ஆட்டோவில் ஏற்றும்போது தெருவே பார்த்தது.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இதயம் தளர்ந்துபோயிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், மகன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஊசி, மருந்து, சாப்பாட்டில் உப்பு கூடாது. கருமாதி அன்று மதினி வார்டில்தான் இருந்தார். சடங்கை முடித்துவிட்டு மகன் வந்தான். அவன் தலையில் மொட்டை. மதினி அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். படுக்க முடிந்தது. அதற்காகத்தான் ஊராரின் ஏச்சை எல்லாம் வாங்கினேன், இன்னும் வாங்குவேன்.

பட்டறையில் எண்ணெய்ப் பூச்சை நிறுத்திவிடுவேன் என்று பேச்சு அடிபடுகிறதாம். நிறுத்த மாட்டேன். இத்தனை வருஷம் சண்டை போட்டும் என் கைக்கும் அதுதான் படிந்திருக்கிறது. கந்தலை விரித்துப் போடுவேன். தேதி கேட்டு வருகிறவர்களுக்குப் பொய்த் தேதி சொல்ல மாட்டேன். இவ்வளவும் அவர் கொடுத்ததுதான், மறுக்கவில்லை.

ஆனால் எது எனக்கென்று தங்கப்போகிறது என்று கேட்டால் வேறு ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். நேற்று மதினிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் வீக்கம் வடிந்து பழைய ஆளாகத் தெரிந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"அம்புட்டுப் பேரு மறிச்சும் என்னைய இழுத்துட்டு வந்துட்டியே தாயி. அன்னைக்கு அவரையும் இப்படி இழுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

உங்கள் எல்லாருக்கும் என்னிடம் பதில் இருந்தது. மதினிக்கு இல்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால்பாண்டி அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான்.